படகின் மேற்பூச்சைக் காப்போம்

(கடற்கரைப் பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

  

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், நமது கடற்கரைக் கிராமங்களில் கட்டுமரங்கள் பலவற்றின் இடத்தை ஃபைபர் படகுகள் பெற்றன. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்யப்படும் இப்படகுகளுக்குக் காப்பாக இருப்பது வெளியே உள்ள வழவழப்பான மேற்பூச்சாகும். ஜெல்கோட் எனப்படும் இப்பூச்சின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. அது தேய்ந்தால் உள்ளிழைகளில் நீர் ஊறும், கொப்புளங்கள் தோன்றும், படகின் பலம் குன்றும். ஆகவே, பூச்சைக் காப்பது அழகுக்காக அன்று. குடும்பத்தின் முதலைக் காப்பதற்கேயாம்.

பழைய ஸ்டிக்கரின் பசையும், வெடிப்பை அடைத்தபோது வழிந்த எபாக்சியும் படகின்மேல் இறுகிக் கிடப்பதை நாம் காண்கிறோம். அவற்றை உளியாலும் கத்தியாலும் சுரண்டினால், பசையோடு பூச்சும் பெயர்ந்துவிடும். மென்மையான முறையில் தொடங்கி, அது பயன்படாதபோது மட்டுமே அடுத்த முறைக்குச் செல்லல் வேண்டும்.

முதலாவதாக, உப்பையும் மணலையும் நன்னீரால் கழுவுக. பின்னர், கை பொறுக்கும் சூடுள்ள சோப்பு நீரில் நனைத்த துணியைப் பசைமீது சிறிது நேரம் போர்த்தி வைக்கவும். இளகியதும் மூங்கில் பட்டையாலோ பிளாஸ்டிக் துண்டாலோ படுக்கையாகத் தள்ளி எடுக்கலாம்.

ஸ்டிக்கர் பசை மிஞ்சினால், தேங்காய் எண்ணெயைத் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டுத் துடைக்கலாம். அதற்கும் போகாததற்கு, அசிட்டோனைத் துணியில் சிறிதளவு நனைத்துச் சில விநாடிகள் மட்டும் துடைக்கவும். முன்னதாக, மறைவான ஓரிடத்தில் சோதித்தல் அவசியம். துணியில் வண்ணம் ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும்; ஏனெனில், ஜெல்கோட்டின்மேல் அடித்த பெயிண்டை அசிட்டோன் கரைத்துவிடும்.

இறுகிய எபாக்சி அசிட்டோனில் கரையாது. வெந்நீர்த் துணியை மீண்டும் மீண்டும் வைத்து இளக்கிப் பெயர்த்தலே நலம். எஞ்சிய மேட்டை மட்டும், மரக்கட்டையில் சுற்றிய 600ஆம் எண் நீர் உப்புத்தாளால், நீர் விட்டு மெல்லத் தேய்க்கவும். பின்பு 1000, 1500 எண் தாள்களால் தேய்த்து, மெருகுப் பசையிட்டால் பளபளப்பு திரும்பும். பெயிண்ட் உரிக்கும் மருந்து ஜெல்கோட்டையே அரிக்கக்கூடியது, அதனைத் தவிர்ப்போமாக.

அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். திறந்த வெளியில், கையுறை அணிந்து, பீடியும் அடுப்பும் அருகில் இல்லாதபடி வேலை செய்தல் வேண்டும். எரிபொருள் கேனையும் அகற்றிவிடுக. பசையை இளக்க நெருப்பைக் காட்டுவது எக்காலத்தும் கூடாது. நனைந்த துணிகளைக் கடலில் எறிதலும் தகாது.

வேலை முடிந்ததும் சோப்பு நீரால் கழுவி நன்கு உலர்த்துக. எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சியிருந்தால், புதிதாக எழுதும் பதிவு எண் நிலைத்து நில்லாது.

பஞ்சாயத்தார் மீன்வலை பின்னும் கூடத்தில் ஒருநாள் மாலை இம்முறையைச் செய்து காட்ட ஏற்பாடு செய்தல் நலம். செலவோ சொற்பம்; பொறுமையே இதற்கு வேண்டிய முக்கியக் கருவி. ஒரு மணி நேரப் பொறுமை, ஒரு பருவத்தின் பழுதுச் செலவைத் தடுக்கக்கூடும் என்பதை ஒவ்வொரு படகுக்காரருக்கும் நாம் எடுத்துரைப்போமாக.