கற்ற ஆட்டமும் கைப்பொருளும்



ஹைதராபாத் மாநகரின் கிழக்கே, உப்பலுக்கும் தார்நாகாவுக்கும் அண்மையில் உள்ளது நாச்சாரம். தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற பகுதி அது. பிழைப்பை நாடிப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கிறார்கள். தமிழரும் அவர்களுள் உண்டு. பகலெல்லாம் ஆலை, இரவில் அறை. மொழி முழுதும் கைவராத ஊரில் மாலைப் பொழுதைக் கழிப்பது எளிதன்று. அந்த வெற்று நேரத்தில் கைப்பேசியின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்த ஓர் ஆட்டத்தைப் பற்றி இன்று சிந்திப்போம். பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியே அது. நாச்சாரத்துக்குச் சொல்வது மும்பைக்கும் பெங்களூருக்கும் சூரத்துக்கும் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரம்மி நமக்குப் புதியதன்று. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவில் கல்யாண மண்டபத்திலும், நெடுந்தூர ரயில் பயணத்திலும் நம்மவர் ஆடி வந்ததே. தெலுங்கு நாட்டார் சீட்டாட்டத்தைப் 'பேகாட' என்பர். பெயர் வேறாயினும் ஆட்டம் ஒன்றே. ஆகவே இதைக் கற்றுக்கொள்வதே தீது என்று நாம் கூற வரவில்லை. கற்றுக்கொண்டவன் பணம் ஈட்டலாம் என்னும் கூற்று எத்துணை உண்மை என்பதே நம் கேள்வி.

முதலில் ஆட்டத்தின் இலக்கணத்தைச் சுருக்கமாகக் காண்போம். இரண்டு கட்டுச் சீட்டுகளைக் கலந்து ஆளுக்கு 13 சீட்டுகள் போடுவார்கள். இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் என்னும் நான்கு இனங்களுள் ஒரே இனத்துச் சீட்டுகளை வரிசையாகச் சேர்ப்பது தொடர். ஒரே எண்ணுடைய, வெவ்வேறு இனத்துச் சீட்டுகளைச் சேர்ப்பது செட். ஜோக்கர் கலவாத தொடர் ஒன்றாவது இருந்தாலன்றி ஆட்டத்தை முடிக்க இயலாது. வந்த கை நன்றாக இல்லையெனில் விலகிக்கொள்ளலாம். அதனை 'ஸ்கூட்' என்று நம்மூரில் சொல்வதுண்டு. வழக்கமான கணக்கில் தொடக்கத்திலேயே விலகினால் 20 புள்ளி, இடையில் விலகினால் 40, முழுத் தோல்விக்கு 80.

இதில் திறமைக்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எதிரே இருப்பவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று கணிக்க வேண்டும். எப்போது விலகுவது என்னும் அடக்கமும் வேண்டும். நினைவும் கணக்கும் பொறுமையும் வளர்க்கும் ஆட்டம் என்று இதனைப் பாராட்டலாம்.

இப்பாராட்டை நாட்டின் உச்ச நீதிமன்றமே அளித்திருக்கிறது. அவ்வழக்கு நாச்சாரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செகந்திராபாத்தில் எழுந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1963-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கிருந்த கிரெசென்ட் பொழுதுபோக்குக் கழகத்தில் காவல்துறையினர் சோதனை நடத்தினர். பணயம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்கள் மீதும், கழகத்தின் செயலாளர் மீதும், பழைய ஹைதராபாத் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. மாஜிஸ்திரேட்டு தண்டித்தார், உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஆந்திரப் பிரதேச அரசு மேல்முறையீடு செய்ய, 1967-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்பை எழுதினார். ரம்மி, மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல முழுதும் தற்செயலைச் சார்ந்ததன்று. விழும் சீட்டுகளை நினைவில் கொள்ளவும், சேர்க்கவும் கழிக்கவும் திறமை வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமையாட்டமே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

பிற்காலத்தில் இணைய நிறுவனங்களின் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப ஒலித்தது இந்தப் பாதி மட்டுமே. தீர்ப்பில் மற்றொரு பாதியும் இருந்தது. சீட்டுக்கும் இடவசதிக்குமாகக் கழகம் பெற்ற அளவான கட்டணத்தை நீதிமன்றம் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆனால் பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தின் உரிமையாளரோ கழகமோ இலாபம் பெறுவதாகச் சான்று இருப்பின், அங்கே குற்றம் நிலைநாட்டப்படலாம் என்றும் அது கூறியது. ஆடுபவனின் திறமையை மட்டும் பார்த்தால் போதாது, ஆட்டத்துக்கு இடம் கொடுப்பவனின் வருவாயையும் பார்க்க வேண்டும் என்பது இதன் பொருளன்றோ? நம் பேச்சின் மையக் கருத்தும் இதுவே.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். சமமான திறமையுடைய இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுவதாகக் கொள்வோம். மேசையில் 200 ரூபாய். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் நூற்றுக்குப் பத்து வீதம் 20 ரூபாயை எடுத்துக்கொள்கிறது. வென்றவருக்கு 180 கிடைக்கிறது. பத்து ஆட்டங்கள் நடக்கின்றன. ஆளுக்கு ஐந்து வெற்றி. ஒவ்வொருவரும் வைத்தது 1,000 ரூபாய். பெற்றது ஐந்து முறை 180, அதாவது 900 ரூபாய். இருவருமே 100 ரூபாய் இழந்திருக்கிறார்கள்! வென்றவர் யார்? சீட்டைத் தொடாத நிறுவனம் 200 ரூபாய் பெற்றுவிட்டது. நூறு ஆட்டங்கள் நடந்தால் அதன் வரவு 2,000 ஆகும்.

கல்யாண வீட்டுச் சீட்டாட்டத்தில் இந்நிலை இல்லை. அங்கே ஒருவர் இழந்தது மற்றொருவர் கைக்குப் போகும். மறுநாள் திரும்பியும் வரும். வட்டத்துக்குள் சுற்றும் பணம் வட்டத்தை விட்டு வெளியேறுவதில்லை. இணைய மேசையிலோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சிறு துளை வழியே பணம் கசிந்துகொண்டே இருக்கும். இது போதாதென்று, 2023 ஏப்ரல் முதல் இணைய ஆட்டத்தின் நிகர வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரியும் விதிக்கப்பட்டது.

அப்படியாயின் மற்றவரினும் மிகுந்த திறமை பெற்றவன் வெல்ல மாட்டானா என்று கேட்கலாம். வெல்வான். ஆனால் அவன் வெல்லும் பணம் எங்கிருந்து வருகிறது? அவனினும் குறைந்த திறமையுடையவனின் கையிலிருந்தே வருகிறது. பணம் வைத்துக் கற்கத் தொடங்குபவன் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறான். அவன் கற்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கூலி கொடுப்பவன் அவனே. எதிரே அமர்ந்திருப்பவர் நேற்று வந்தவரா, பல்லாண்டு பழகியவரா என்பதும் அவனுக்குத் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் திறமையை அளப்பது எவ்வாறு?

மேலும், கையால் சீட்டுக் கலைக்கும்போது இயல்பாக ஓர் இடைவெளி உண்டு. ஒருவர் தேநீர் கேட்பார். ஒருவர் நேரமாயிற்று என்று எழுவார். வீட்டுப் பெரியவர் வந்து, "போதும், விளக்கை அணையுங்கள்" என்பார். கைப்பேசியில் இவை எவையும் இல்லை. ஓர் ஆட்டம் முடிந்த நொடியிலேயே அடுத்தது காத்திருக்கும். காசைக் கையால் எண்ணிக் கொடுக்கும் வேதனையும் இல்லை. விரலால் ஒருமுறை தொட்டால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விடும். பழகிக்கொள்ள இலவச ஆட்டம், முதன்முறை பணம் போட்டால் சலுகைத் தொகை என்று வாயிலும் அகலத் திறந்திருக்கும். தோற்றதை மீட்கவே மீண்டும் ஆடத் தோன்றுவது மனித இயல்பு. சூதின் பிடியிலிருந்து விடுபட இயலாமையை உலக சுகாதார நிறுவனம் நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப்பட்டியலில் இணையவழிச் சூதுக்குத் தனிப் பிரிவும் உண்டு. வள்ளுவரும் பொருட்பாலில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தோல்வியை மட்டுமன்றி வெற்றியையும் ஐயுறவோடு நோக்கியவர் அவர்.

இனிச் சட்டம் கூறுவதைக் காண்போம். ஊர் விட்டு ஊர் வந்த நாம் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். தெலங்கானா அரசு 1974-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 2017-இல் திருத்தி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. திறமையாட்டம் என்னும் விலக்கும் அப்போது பணயம் வைத்த ஆட்டங்களுக்கு இல்லாமற் போயிற்று. தமிழ்நாட்டிலோ வரலாறு வேறு. 2020-இல் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டத்தின் வழிவந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின் 2022-இல் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அது ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆயினும் ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களாதலால் அவற்றுக்கான தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. இதனால் ஊரில் தடையின்றி ஆடியவன் நாச்சாரத்தில் அதே ஆட்டத்தை ஆடினால் சட்டத்துக்குப் புறம்பாக நின்றான். இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டும் செயலிகளைத் தேடியவர்களும் உண்டு.

இவ்வேற்றுமையை நீக்க நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதம் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, தற்செயலா என்னும் பழைய வழக்கை அச்சட்டம் ஒதுக்கிவிட்டது. பணம் கட்டிப் பணம் பெறும் நோக்குடைய இணைய ஆட்டம் எதுவாயினும் அதனை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழி செய்தது. விளம்பரம் செய்வோருக்கும் பணப் பரிமாற்றத்துக்குத் துணை நிற்போருக்கும் தண்டனை உண்டு. ஆடி இழந்தவனைக் குற்றவாளியாக அது கருதவில்லை. ஆண்டுதோறும் 45 கோடி மக்கள் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இத்தகைய ஆட்டங்களில் இழந்தனர் என்பது அப்போது அரசுத் தரப்பில் கூறப்பட்ட மதிப்பீடு. ஒப்புதலுக்குப்பின் நாட்டின் பெரிய நிறுவனங்கள் பல தம் பண ஆட்டங்களை நிறுத்தின.

ஆனால் கடை மூடினால் ஆசையும் மூடிவிடுமா? நிறுவனங்கள் விலகிய இடத்தில் முகவரியற்றவர்கள் நுழைவது உலக வழக்கம். நண்பர் அனுப்பியதென்று ஓர் இணைப்பு வரும். வெளிநாட்டுத் தளம் என்பார்கள். அங்கே வென்ற பணம் வாராவிடில் எந்த வாயிலில் முறையிடுவது? ஆதலால் இப்போது முன்னினும் மிகுந்த விழிப்பு வேண்டும்.

அயலூரில் உழைக்கும் நமக்கு இவ்விழப்பின் பளு இரட்டிப்பாகும். நம் ஊதியம் நம்முடையது மட்டுமன்று. அதில் தந்தையின் மருந்து இருக்கிறது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. ஊரில் அடகு வைத்த நகையின் வட்டி இருக்கிறது. அனுப்ப வேண்டிய நாளில் பணம் இல்லையெனில், சம்பளம் தாமதம் என்று முதல் பொய் பிறக்கிறது. அதை மறைக்க உடனடிக் கடன் தரும் செயலியை நாடினால், இரண்டாவது சுருக்கு விழுகிறது. அத்தகைய செயலிகளை நடத்தி, கடன் பெற்றோரை மிரட்டியும் இழிவுபடுத்தியும் வந்தவர்கள் மீது 2020 டிசம்பரில் ஹைதராபாத்திலேயே காவல்துறை வழக்குகள் பதிந்து கைதுகள் செய்தது. கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, இவ்வலையில் சிக்கியவர் நம் அறையில் இருந்தால் ஏசுவதை விடுத்து உடனிருப்போம். இழப்பு எவ்வளவு என்பதை முழுதாக வீட்டாரிடம் சொல்லுமாறு துணிவூட்டுவோம். பாதி சொல்லி மீதியை மறைத்தால், அம்மீதியை மீட்கவே மறுபடி ஆடத் தோன்றும். சம்பளம் வந்த அன்றே ஊருக்குப் பணம் அனுப்பிவிடுதல், வங்கிக் கணக்கில் நாளொன்றுக்கு இவ்வளவே செலவிடலாம் என்று வரம்பு வைத்தல், ஆட்டச் செயலியையும் கடன் செயலியையும் ஒருசேர நீக்குதல் ஆகியன எளிய காப்புகள். மனம் கலங்கினால் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். எந்த மாநிலத்திலும் கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் செய்தல் வேண்டும்.

ரம்மியைக் கற்க விரும்புவோர் கற்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில் நான்கு நண்பர்கள் வட்டமாக அமர்ந்து, காசுக்குப் பதில் புளியங்கொட்டையை வைத்து ஆடட்டும். பீகாரிலிருந்து வந்த தோழரையும் பக்கத்து அறைத் தெலுங்கு நண்பரையும் அழைத்துக்கொண்டால், ஆட்டத்தோடு மொழியும் உறவும் சேர்ந்து வளரும். திறமைக்கு அங்கே மதிப்புண்டு, இழப்பவர் எவருமில்லை. உழைத்துப் பெற்ற ஊதியம் உரியவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.