வினா உருவில் வியப்பு
(விருதுநகரில் ஆற்றிய உரை)



சிவகாசியிற் செய்த வாணவெடியொன்று இரவில் வானேறுகின்றது. காணும் சிறுவன் 'எவ்வளவு உயரம்!' என்கின்றான். அதைச் செய்த தொழிலாளியோ தன் தோழனிடம் 'எவ்வளவு உயரம்?' என்கின்றான். சொற்கள் ஒன்றே. முன்னது விடை வேண்டாத வியப்பு. பின்னது அளவு வேண்டிய வினா. இரண்டையும் பிரித்துக் காட்டுவது குரலே. அச்சில் அப்பணியைச் செய்யும் குறிகள் மேலையர் முறையினின்று வந்தவை. பழைய ஓலைச்சுவடிகளில் அவை இல்லை.

குறி புதிது, வழக்குப் பழையது. தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்துக்குத் தேற்றமும் வினாவும் பொருளென்றார். ஓகாரத்துக்கு வினாவும் சிறப்பும் உரைத்தார். உறுதிக்கும் கேள்விக்கும் ஓரெழுத்தே! எழுத்தறியாப் பாட்டியும் 'என்ன வெயில்!' என்று வினாச்சொல்லாலேயே வியக்கின்றாள்.

ஆங்கிலேயர் பேச்சிலும் இத்தகைய வழக்குண்டு, வழிதான் வேறு. வெயிலின் கொடுமை கண்டு அவர் 'இசின்ட் இட் ஆட்!' என்பர். துணைவினையை எழுவாய்க்கு முன்னிறுத்தி, எதிர்மறையும் சேர்த்து, வினாப்போல் அமைத்துக் குரலைத் தாழ்த்தி முடிப்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வெப்பமாக இல்லையா அது?' என வரும். பசி மிகுந்தவர் 'ஆம் ஐ அங்ரி!' என்பதும் உண்டு. அதைப் பெயர்த்தால் 'பசியோடிருக்கின்றேனா?' என்றாகும். தன் பசியைப் பிறரிடம் கேட்டறிவார் உளரோ?

நன்னூலார் வினாவை அறுவகைப்படுத்தினார். இவ் ஆங்கிலத் தொடர்கள் அவ் ஆறனுள் எதனுள்ளும் முற்றப் பொருந்தா. இவை உருவால் வினா, பொருளால் வியப்பு. ஆகலின் 'வெயில் என்னமாய்க் கொளுத்துகின்றது!' என்பதே நேரிய தமிழ்.

இதனை மறந்தால் இழப்பு மாணவனுக்கே. வெடியாலைக்கும் அச்சகத்துக்கும் செல்வோர் பிள்ளைகள் வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்கின்றனர். அப்பிள்ளை 'என்ன வெயில்!' என மொழிபெயர்த்தால், வினாவை வினாவாக எழுதவில்லை எனச் சிவப்புக்கோடு இடலாமா? 'அவன் வரவில்லையா?' என்றால், வராதபோது தமிழன் 'ஆம்' என்பதும் உண்டு. வினவியவர் கூற்றை ஒப்புகின்றான். ஆங்கிலேயன் அங்கே 'நோ' என்பான், வராமையை நோக்குகின்றான். தமிழ் முறையில் 'எசு' என்று விடைசொல்லும் பிள்ளையை அறிவிலி என நகைப்பது கொடுமையன்றோ? அவன் பிழைத்தது அறிவினால் அன்று. ஒரு மொழியின் நெறியை இன்னொன்றில் வைத்தமையால். அவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டுவதே ஆசிரியர் கடன்.

வினாவுக்கும் வியப்புக்கும் தமிழில் வழி வகுத்தவர் நம் முன்னோர். அவ்வழியை முதலிற் காட்டுக. அதனோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தைக் கற்பிக்க. தன் மொழியின் இயல்பறிந்த பிள்ளை பிறமொழிக்கு அஞ்சான்.

வாழ்க தமிழ்!