தாயின் சர்க்கரையும் சேயின் உடலும்



நீரிழிவு நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் பல வேளைகளில் எடை மிகுந்து காணப்படுகின்றன. கொழுகொழுவென்ற குழந்தையைக் கண்டு சுற்றத்தார் மகிழ்வர். ஆனால், பிறந்த சில மணி நேரத்திற்குள் அதன் குருதியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக் கூடும். சர்க்கரை மிகுந்த தாயின் வயிற்றில் வளர்ந்த சேய்க்குச் சர்க்கரைப் பஞ்சமா? இப்புதிரை அவிழ்ப்பதே இன்று நான் மேற்கொண்ட பணி.

கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் எல்லாத் தாய்மாரின் உடலிலும் ஒரு மாறுதல் நிகழ்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலைக்குத் தடையாகின்றன. தாயின் தசைகள் சர்க்கரையை முன்போல் எளிதில் ஏற்பதில்லை. உணவு கொள்ளாத நேரங்களில் அவள் உடல் கொழுப்பையே பெரிதும் எரித்துக்கொண்டு, சர்க்கரையைச் சேய்க்கென ஒதுக்குகிறது. தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்கு ஊட்டும் தாய்மையின் பண்பு உடலின் அணுக்களிலேயே அமைந்துள்ளது என்று நான் எண்ணுவதுண்டு. நலமுள்ள தாயின் கணையம் மிகுதியாக இன்சுலின் சுரந்து இத்தடையை ஈடு செய்கிறது. அவ்வாறு சுரக்க இயலாதபோது குருதியில் சர்க்கரை ஏறுகிறது.

நஞ்சுக்கொடி தாயின் சர்க்கரையை உள்ளே விடும், இன்சுலினை விடாது. ஆகவே, வந்து குவியும் சர்க்கரையைச் சேயின் கணையமே சமாளிக்க வேண்டும். அது மிகுதியாகச் சுரக்கும் இன்சுலின் கொழுப்பைப் பெருக்கிச் சேயைப் பருக்கச் செய்கிறது. கொப்பூழ்க்கொடி அறுபட்டதும் சர்க்கரை வரவு நின்றுவிடுகிறது. இன்சுலின் சுரப்போ உடனே தணிவதில்லை. பஞ்சம் விளைவது இதனாலேயே. கோபன்ஹேகன் நகர மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1952-இல் இக்கருத்தை எடுத்துரைத்தார்.

இந்நிலை பெரும்பாலும் வெளிக்குறி ஏதும் காட்டாது. எனவே சோதனை இன்றியமையாதது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குருதியைச் சோதிக்கும் முறை நம் நாட்டில் வழக்கிலுள்ளது. 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லி கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பின் மருத்துவம் தேவை. பலருக்கு அளவறிந்த உணவும் நடைப்பயிற்சியுமே போதும். சிலருக்கு இன்சுலினும் வேண்டும்.

“இனிப்பை அள்ளித் தின்றாள், நோய் வந்தது” என்று தாயைப் பழிப்பது அறியாமை. “இருவருக்காக உண்” என்று அவளை வற்புறுத்துவதும் அத்தகையதே. உங்கள் இல்லத்தில் கருவுற்ற தமக்கையோ அண்ணியோ இருப்பின், சோதனை முடிந்ததா என்று அன்புடன் கேளுங்கள். நீங்கள் கற்கும் உடலியல் ஓர் உயிருக்கன்று, இரண்டு உயிர்களுக்குப் பயன்படும்.