மேடைக்குப் பிள்ளைகளா, பிள்ளைகளுக்கு மேடையா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாடகம் பத்தி ஏதாச்சும் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நம் கல்லூரி நாளில் போட்ட நாடகங்களைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன் என்று நினைத்திருப்பார். அதை டீ குடிக்கும்போது பேசிக்கொள்வோம். நான் இன்றைக்கு ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறேன்.

நம்ம பள்ளிபாளையத்தில் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அங்கேதான் 1944இல் தமிழ் நாடகக் கலை வளர்ச்சிக்கென்று ஒரு மாநாடு கூடியது. முன்னின்று நடத்தியவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களில் ஒருவரான ஔவை சண்முகம், 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்ந்தபோது ஆறு வயதுப் பிள்ளை. பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை, சிறுவர்கள் சொன்னபடி கேட்பார்கள் என்றுதான் சுவாமிகள் சிறுவர்களைத் திரட்டினார் என்பார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான்.

அந்தக் கம்பெனிகள் தமிழுக்குப் பெரிய கலைஞர்களைக் கொடுத்தன. மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க விழித்து ஆடிய பிள்ளைகள் எத்தனை பேர்! மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் கைவிட்டுப் போய், ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. அங்கே நாடகத்துக்காகப் பிள்ளைகள் இருந்தார்கள்; பிள்ளைகளுக்காக நாடகம் இல்லை.

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். பின்னாளில் அந்த ஊரில் வந்த பல்கலைக்கழகம் தன் நாடகப் பள்ளிக்கு அவர் பெயரையே வைத்தது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று வளர்த்த பள்ளி அது. அதே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வேலு சரவணன், 'ஆழி' என்ற குழுவோடு ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு நாடகம் போடுகிறார். 'கடல் பூதம்' அவற்றில் பேர்போனது. கோமாளி வேஷத்தில் பிள்ளைகளுக்கு நடுவே வந்து நிற்பார். வெறும் பள்ளிக்கூட மைதானம் போதும். பூதம் என்ன செய்யும் என்று பிள்ளைகளையே கேட்பார். அவர்கள் கத்திச் சொல்வதெல்லாம் நாடகத்தில் சேர்ந்துகொள்ளும்.

இன்னொருவர் பேராசிரியர் சே. இராமாநுஜம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். 1977இல் காந்திகிராமத்தில் 70 நாள் நாடகப் பட்டறை நடத்தினார். பிறகு திருச்சூர் நாடகப் பள்ளியிலும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். அடிப்படையில் அவர் ஆசிரியர். குழந்தைகள் நாடகத்தில் கடைசி வரை அக்கறை கொண்டிருந்தார். 2016இல் மறைந்தார். அவர் படித்த டெல்லிப் பள்ளியிலும் 1989இல் கல்விக்கான நாடகக் குழு ஒன்று தனியாகத் தொடங்கப்பட்டது.

பல்கலைக்கழக நாடகத் துறைகளில் மாணவர்கள் தயாரிக்கும் நாடகங்களைப் பார்க்கப் பெரும்பாலும் பெரியவர்கள்தான் வருகிறார்கள். அதே மாணவர்கள் ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனால், கற்றுக்கொள்ளும் பக்கமே மாறிவிடுகிறது. ஏன் என்பதை நான் என் தவறிலிருந்து சொல்கிறேன்.

நான் வாத்தியாராக இருந்த ஒரு பள்ளியில் ஆண்டு விழா. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அபிமன்யு வேஷம் கொடுத்தேன். அப்பா அம்மா தறி ஓட்டுபவர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவன் தார் சுற்றணும். அந்தச் சத்தத்திலேயே வசனத்தை மனப்பாடம் செய்திருக்கிறான். மேடையில் ஏறியதும் நாலாவது வரியில் நின்றுவிட்டான். நான் திரைக்குப் பின்னாலிருந்து அடிக்குரலில் திட்டினேன். கூட்டம் சிரித்தது. உள்ளே வந்தவன் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். சிறப்பு விருந்தினர் முன்னால் என் மானம் போயிற்றே என்ற கோபம்.

அடுத்த நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. தறிக்குப் போய்விட்டான்.

பல வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "ஐயா, நல்லா இருக்கீங்களா? அந்த வசனம் எனக்கு இன்னும் முழுசா ஞாபகம் இருக்குதுங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை.

நண்பர்களே, தறிக் குடோனுக்குள் போனவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கையாலும் கண்ணாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். அங்கேயே வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடிப்பை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அவனைக் கையால் பேச விட்டிருந்தால் அபிமன்யு ஜெயித்திருப்பான். எழுதிவைத்த வசனத்துக்குள் அவனை அடைத்தது நான்.

சங்க நிதியில் நிரந்தர மேடையும் அலங்கார வளைவும் கட்டலாம் என்று தீர்மானம் வரப்போகிறது. வளைவில் நம் பெயரெல்லாம் கல்லில் பொறிப்பார்களாம். என் கோரிக்கை இதுதான்: அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது ஒதுக்கி, ஆண்டுதோறும் மூன்று நாள் நம் கல்லூரி மாணவர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளோடு நாடகம் செய்யட்டும். பல்கலைக்கழக நாடகத் துறையிலிருந்து பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, முதலில் நம் மாணவர்களுக்குச் சொல்லித் தருவோம்.

மூன்றே விதி. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. மனப்பாட வசனம் கிடையாது. கதையைப் பிள்ளைகளே பேசிப் பேசி உண்டாக்கணும். தறி நிற்கிற நாளாகப் பார்த்து வைக்கணும். அப்போதுதான் அப்பா அம்மாவும் வந்து உட்கார முடியும்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. தோற்றுப்போகும் பயமில்லாமல் ஒரு பிள்ளை நின்று பேச இன்னொரு இடமும் வேண்டும்.

வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் என் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பையனுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. முதல் ஆண்டு அவளையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்; காப்பாற்றித் தர வேண்டியது நீங்கள்தான்.