கள்ளாமையும் மனநோயும்

(தசலட்சண பர்வத்தில், உத்தம சௌச நாளன்று ஆற்றிய உரை)

 

ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று கள்ளாமை. பிறர் கொடாததைக் கவர்வது களவு. அதற்கு வித்து லோப கஷாயம். ஆயின், பொருளில் ஆசையே இன்றிக் கை நீளும் நிலையும் உண்டு.

வசதியான இல்லத்துப் பெண்ணின் அலமாரியில், கடைக் கரண்டிகளும் எழுதுகோல்களும் விலைச்சீட்டு கழற்றப்படாமலே கிடக்கின்றன. அவற்றைக் காணும் தாய், குலப்பெயருக்கு அஞ்சி மூடி மறைக்கிறாள். அல்லது அடித்துத் திருத்த முயல்கிறாள். இரண்டாலும் நோய் தீராது.

இந்நோய்க்கு 1838-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர்களான எஸ்கிரோலும் மார்க்கும் ‘கிளெப்டோமேனியா’ எனப் பெயரிட்டனர். எடுப்பதற்கு முன் நெஞ்சில் இறுக்கம் பெருகும். எடுத்த கணம் ஆறுதல் தோன்றும். பின்னர் வெட்கமும் குற்றவுணர்வும் வாட்டும். இந்நோயாளர் பலருக்கு மனச்சோர்வும் உடனிருக்கிறது. சோர்ந்த மனம் அக்கணநேர ஆறுதலை நாடுகிறது. பின்வரும் வெட்கமோ சோர்வை மேலும் ஆழமாக்குகிறது.

இருமுனை மனநோயின் எழுச்சிக் காலம் வேறு வகையினது. அப்போது உறக்கம் குறையும், பேச்சு பெருகும், விளைவை எண்ணாத துணிவு பிறக்கும். அவ்வேளையில் மட்டும் நிகழும் களவு கிளெப்டோமேனியா ஆகாது. அந்த எழுச்சிக்கே மருத்துவம் வேண்டும். எனவே சோர்வு, எழுச்சி இரண்டையும் மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது. எழுச்சியை மறைத்துச் சோர்வுக்கு மட்டும் மருந்து பெற்றால், அம்மருந்தே சிலருக்கு எழுச்சியைத் தூண்டக்கூடும்.

தூண்டுதலை முன்னரே உணர்ந்து விலகும் உளவியல் பயிற்சி பயன் தருகிறது. 2009-இல் 25 பேரிடம் நடத்திய ஆய்வில், நால்ட்ரெக்ஸோன் என்னும் மருந்து திருடும் உந்துதலைத் தணித்தது.

அவ்வாறாயின் திருடுவோர் யாவரும் நோயாளரோ? அல்லர். ஆதாயம் கருதித் திருடுவோரே பலர். நோயால் எடுத்தவரும் பொருளைத் திருப்பித் தருதல் கடமையே. எனினும் செயலை மட்டுமன்றி அதன் பின்னுள்ள பாவத்தையும், அதாவது மனநிலையையும், ஆராய்வது ஜினநெறி. குருவின் முன் குற்றத்தை ஒளியாது உரைப்பதை ஆலோசனை என்று போற்றுகிறோம். அந்த வாய்மையை மருத்துவர் முன்னும் கடைப்பிடித்தல் தகும்.

இல்லத்தில் ஒருவர் இவ்வாறு தவித்தால் கடிந்து ஒதுக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை. ஒரு மகள் அச்சமின்றித் தாயிடம் உண்மை கூறும் இல்லமே கள்ளாமை விரதம் தழைக்கும் இல்லம்.

வாழ்க ஜினதர்மம்!