மடிக்கணினியின் ஒலியும் கம்பியில்லாத் தொடர்பும்

(தாப்பா வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதன்பின் வானொலிப் பெட்டி மெல்ல மெல்லத் தோட்டத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்தது. அப்பெட்டியின் முகப்பில் இரண்டு திருகிகள் இருந்தன. ஒன்று ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவிற்று. மற்றொன்று நிலையத்தைத் தேட உதவிற்று. ஒலி கரகரத்தால் பின்புறக் கம்பியை இழுத்து உயரக் கட்டினோம். அவ்வளவே அதன் நுட்பம். இன்று நம் பிள்ளைகளின் மடியில் அமர்ந்திருக்கும் கணினியிலும் இவ்விரண்டு வேலைகளே உள்ளன: ஒலியைச் சரிசெய்தல், அலையைப் பிடித்தல். ஆனால் திருகிகள் வெளியே இல்லை, திரைக்குள் ஒளிந்திருக்கின்றன. அவை எங்கே உள்ளன என்பதை அறியாமையால் நம்மவர் பணத்தையும் வாய்ப்பையும் இழந்து வருகின்றனர். ஆதலின் இன்று அவற்றைப் பற்றியே பேச விழைகின்றோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததையும், பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் இல்லத்திற்கே வந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி தேர்வெழுத அலை கிடைக்காமல் மரத்தின்மீது ஏறி இரவைக் கழித்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. 2021ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கணினி வழங்கும் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பட்டது. கணினி வந்தது, பழக்கித் தருவோர் வரவில்லை. பள்ளிகள் திறந்த பின்னரும் இத்தேவை நீங்கிவிடவில்லை. கல்லூரி நேர்காணல்களும் வேலை நேர்காணல்களும் பல இணையம் வழியே நடைபெறுகின்றன. அழைப்பு வந்து, நேர்காணல் குழுவினர் எதிரே தோன்றி, 'உங்கள் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை' என்று கூறும் அந்த ஐந்து நிமிடம் ஓர் இளைஞரின் பல ஆண்டு உழைப்பை வீணாக்கிவிடக் கூடும்.

முதலில் ஒலியைக் காண்போம்.

லயத்திற்குத் தண்ணீர் வரும் வழியை நீங்கள் நன்கு அறிவீர்கள். மேட்டில் தொட்டி, அதிலிருந்து பெரிய குழாய், அதற்கொரு வால்வு, பிறகு வரிசைக்கொரு குழாய், கடைசியில் வீட்டுக் குழாய். மேலே வால்வு மூடியிருந்தால் வீட்டுக் குழாயை எவ்வளவு திருகினாலும் நீர் வாராது. கணினியின் ஒலியும் இவ்வாறே பல வால்வுகளைத் தாண்டி வருகின்றது. ஒன்று மூடியிருந்தாலும் ஒலி நின்றுவிடும்.

முதல் வால்வு விசைப்பலகையில் உள்ளது. மேல் வரிசைப் பொத்தான்களில் ஒன்றில் ஒலிபெருக்கிப் படமும் அதன்மேல் ஒரு குறுக்குக் கோடும் இருக்கும். குழந்தை விளையாட்டாக அதனை அழுத்தினாலே ஒலி அடங்கிவிடும். சில கணினிகளில் கீழ் இட மூலையிலுள்ள 'எஃப்என்' பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டாவது, திரையின் கீழ் வலப்புறத்தில் காணப்படும் சிறிய ஒலிபெருக்கிப் படம். அதனைத் தொட்டால் ஒரு கோடு தோன்றும். அதுவே பழைய திருகி. மூன்றாவது, நீங்கள் பயன்படுத்தும் செயலியின் சொந்த ஒலியளவு. காணொளிப் படத்தின் அடியிலும் கூட்டச் செயலியிலும் தனித்தனி ஒலிபெருக்கிப் படங்கள் உண்டு. இவற்றை ஒருசேரக் காண விரும்புவோர் கீழ் வல மூலைப் படத்தின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, 'வால்யூம் மிக்சர்' என்பதைத் திறந்தால் எந்தச் செயலி ஊமையாகக் கிடக்கிறது என்பது தெளிவாகும்.

நான்காவது வால்வே மிகப் பலரை ஏமாற்றுவது. ஒலி எந்த வழியே வெளியேற வேண்டும் என்னும் தேர்வு அது. அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டில் பால்மரம் சீவும் தாயார் ஒருவர் தம் மகளின் கணினியைக் காட்டினார். இரு வாரமாக ஒலியில்லை. பட்டணத்துக் கடையொன்றில் உட்பலகையை மாற்ற வேண்டும் என்றும் 280 ரிங்கிட் ஆகும் என்றும் சொல்லிவிட்டனராம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உள்ள நாளில் 280 என்பது சிறு தொகையன்று. திறந்து பார்த்தபோது ஒலி முறையாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. ஆனால் கணினியின் வழியே அன்று. மகனுடைய புளூடூத் காதுக்கருவி அடுத்த அறையில், ஒரு சட்டைப் பையில், மின்னூட்டத்தோடு கிடந்தது. இரு வாரமாகக் கணினி அந்தச் சட்டைப் பையோடு பேசிக்கொண்டிருந்தது! காதுக்கருவியை அணைத்ததும் அறை நிறையப் பாட்டு எழுந்தது. தாயார் சிரித்தார், மகள் தம்பியைத் தேடிப் போனாள்.

இத்தேர்வை மாற்றுவது எளிது. விண்டோஸ் 11 கணினியாயின், ஒலிக் கோட்டின் வலப்பக்கத்தில் ஒரு சிறு குறி உண்டு. அதனைத் தொட்டால் கருவிகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் 'ஸ்பீக்கர்ஸ்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொலைக்காட்சியோடு கம்பி வழி இணைத்துப் படம் பார்த்தவர்களுக்கும் இதே சிக்கல் வருவதுண்டு. ஒலி தொலைக்காட்சிக்கே போய்க்கொண்டிருக்கும். காதுக்கருவியின் கம்பியைச் செருகும் துளையில் தூசோ ஈரமோ படிந்தாலும், ஏதோ செருகியிருப்பதாகக் கருதிக் கணினி தன் ஒலிபெருக்கியை நிறுத்திவிடக் கூடும். நம் பகுதியின் ஈரக் காற்றில் இது அரிதன்று.

இவ்வளவும் பார்த்த பின்னும் ஒலி வரவில்லையெனில் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்க. மூடி வைத்துத் திறப்பதும், 'ஷட் டவுன்' கொடுத்து மீண்டும் ஏற்றுவதும் இதற்கு ஈடாகமாட்டா. விரைவாக எழும் பொருட்டு விண்டோஸ் தன் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. 'ரீஸ்டார்ட்' ஒன்றே அனைத்தையும் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிடில், ஒலிக்கருவியை இயக்கும் 'டிரைவர்' எனும் மென்பொருள் பழுதாகியிருக்கலாம். அதனைக் கணினியின் 'விண்டோஸ் அப்டேட்' பகுதியிலிருந்தோ, கணினி நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டுமே பெறுதல் வேண்டும். இலவசமாகத் தருகிறோம் என்று தேடுபொறியில் முந்திக்கொண்டு வரும் தளங்களை நம்ப வேண்டாம்.

கேட்பது ஒரு பாதி, பேசுவது மறுபாதி. 'செட்டிங்ஸ்' சென்று, 'சிஸ்டம்', பின்னர் 'சவுண்ட்' என்று நுழைந்தால் 'இன்புட்' என்னும் பகுதியில் ஒலிவாங்கியின் பெயர் காணப்படும். பேசிப் பாருங்கள், ஒரு கோடு அசைய வேண்டும். கோடு அசைகிறது, ஆயினும் எதிரில் உள்ளவருக்குக் கேட்கவில்லை என்றால் தடை வேறிடத்தில் உள்ளது. 'பிரைவசி' என்னும் பகுதியில் எந்தெந்தச் செயலி ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதிப் பட்டியல் உண்டு. அங்கே கூட்டச் செயலிக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கும். அல்லது செயலியிலேயே ஒலிவாங்கிப் படத்தின்மேல் கோடு விழுந்திருக்கும். நேர்காணல் நாளன்று இதனைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. முந்திய நாளே உறவினர் ஒருவரை அழைத்துப் பேசிப் பார்த்துவிடுவதே தக்கது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சலில் நெடுங்காலம் உழைத்தோருள் சிலருக்கு ஒரு காது மந்தமாக இருப்பதைக் காண்கிறோம். காதுக்கருவி அணிந்தால் பாட்டில் பாதி அவர்களுக்குக் கிட்டாது. அதே 'சவுண்ட்' பகுதியில் 'மோனோ ஆடியோ' என்பதை இயக்கினால் இரு பக்க ஒலியும் ஒன்றாகி, கேட்கும் காதிற்கே முழுமையும் வந்து சேரும். மின்னல் எஃப்எம் ஒலிபரப்பை ஆர்டிஎம் கிளிக் வழியே கணினியில் கேட்போருக்கு இது பெரிதும் உதவும். பிள்ளைகளோ மாறாக ஒலியை உச்சத்தில் வைத்துக் கேட்கின்றனர். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், பிள்ளைகளுக்கு அதனினும் குறைத்து 75 டெசிபல் என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

இனிக் கம்பியில்லாத் தொடர்பு.

இதில் நம்மவர் செய்யும் முதற்பிழை, இரண்டு பயணங்களை ஒன்றெனக் கருதுவது. கணினியிலிருந்து வீட்டு மோடம் வரை அல்லது கைத்தொலைபேசி வரை ஒரு பயணம், அதுவே வைஃபை. அங்கிருந்து கோபுரத்திற்கோ தெருக் கம்பிக்கோ செல்வது மற்றொரு பயணம். கணினியின் மூலையில் விசிறி வடிவில் தோன்றும் படம் முதற் பயணத்தை மட்டுமே காட்டும். விசிறி நிறைந்திருந்தும் பாடம் திறக்கவில்லை என்றால் கணினியைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. அதே வைஃபையில் ஒரு கைத்தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிடில் குறை இரண்டாம் பயணத்தில் உள்ளது. கைத்தொலைபேசி வேலை செய்து கணினி மட்டும் செய்யாவிடில் குறை கணினியில் உள்ளது.

கணினியில் குறை எனின் முதலில் விமானப் படம் ஒளிர்கிறதா என்று பாருங்கள். அது 'ஏர்பிளேன் மோட்'; இயங்கினால் எல்லா அலைகளும் நிறுத்தப்படும். அடுத்து வைஃபை பெயரை 'ஃபர்கெட்' செய்து கடவுச்சொல்லைப் புதிதாக இடுக. நெடுநாள் அலமாரியில் கிடந்த கணினியாயின் அதன் நாள், நேரம் சரிதானா என்றும் காண்க. நாள் தவறினால், பாதுகாப்புச் சான்று செல்லாதென்று எண்ணிப் பல தளங்கள் திறக்க மறுக்கும். இச்சிறு செய்தியைக் கடைக்காரர்களும் பல வேளை கவனிப்பதில்லை.

வைஃபை அலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பொதுவாக உண்டு. 5 விரைவானது, ஆனால் சுவர் தாண்டினால் களைத்துவிடும். 2.4 மெதுவானது, நெடுந்தொலைவு செல்லும். மோடம் முன்கூடத்திலும் பிள்ளை பின்னறையிலும் இருந்தால் 2.4ஐத் தேர்வதே பொருத்தம். ஆயினும் புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் இதே பகுதி அலையையே பயன்படுத்துகின்றன. காதுக்கருவியில் ஒலி விட்டு விட்டு வந்தால் ஒலி அமைப்பைக் குடைய வேண்டாம். கணினியை 5க்கு மாற்றிப் பாருங்கள், அல்லது கம்பியுள்ள காதுக்கருவியைச் செருகுங்கள். மோடத்தைத் துத்தநாகத் தகட்டுச் சுவரின் அருகிலோ இரும்பு அலமாரியின் பின்னாலோ வைத்தல் கூடாது. உலோகம் அலையைத் திருப்பிவிடும்.

இரண்டாம் பயணத்தைப் பொறுத்தவரை நம் இடம் எளிதானதன்று. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். கேமரன் மலைக்கு ஏறும் சாலை இங்கிருந்தே புறப்படுகிறது. மேடும் பள்ளமும், மழையில் நனைந்த பால்மர இலைகளும் செம்பனை ஓலைகளும் அலையை மெலிவிக்கின்றன. கைத்தொலைபேசியின் 'ஹாட்ஸ்பாட்' வழியே கணினியை இணைப்போர், தொலைபேசியை மேசைமேல் வைத்துக்கொள்ளாமல் அலை நன்றாகக் கிட்டும் சன்னலருகே உயரத்தில் வைக்கலாம். கணினி சில அடி தள்ளியிருந்தாலும் குறைவில்லை. பழைய 3ஜி செருகு கருவிகளைச் சிலர் இன்னும் பெட்டியில் வைத்திருக்கின்றனர். நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டதால் 3ஜி மட்டுமே அறிந்த கருவி இனிப் பயன்படாது.

முன்கட்டண அட்டை பயன்படுத்துவோர் மறவாமல் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும் கணினி தன் மென்பொருள்களைப் புதுப்பிக்கப் பெருந்தரவை இழுக்கத் தொடங்கும். மாதத் தரவு ஓரிரவில் தீர்ந்தது என்று முறையிடும் வீடுகள் பல. 'செட்டிங்ஸ்' பகுதியில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து, 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை இயக்கி வைத்தால், பெரும்பாலான புதுப்பித்தல்கள் காத்திருக்கும். பிறகு கட்டணமில்லா வைஃபை கிடைக்கும் இடத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம். முன்பு பெடி என்றும் இப்போது நாடி என்றும் அழைக்கப்படும் தகவல் பரப்பு மையங்கள் இதற்கு உதவும். ஆனால் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

'உங்கள் கணினியில் கோளாறு உள்ளது, நாங்கள் தொலைவிலிருந்தே சரிசெய்கிறோம்' என்று எவரேனும் அழைத்தால், உடனே துண்டித்துவிடுக. ஒலியோ வைஃபையோ கெட்டதை அறிந்து எந்த நிறுவனமும் தானாக அழைப்பதில்லை. பணம் போய்விட்டதென அறிந்தால் தாமதமின்றி வங்கிக்கோ, 997 என்னும் தேசிய மோசடி உதவி எண்ணுக்கோ தெரிவியுங்கள். தோட்டத்தில் அலையே எட்டவில்லை எனின் முதலில் சேவை நிறுவனத்திடம் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிடில் அந்த எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தை அணுகலாம். எண் இல்லாத முறையீடு பெரும்பாலும் தொடக்கத்திற்கே திரும்பி வரும்.

பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் கணினியின் மின்கம்பியையும் மோடத்தின் கம்பிகளையும் பிடுங்கி வையுங்கள். விண்டோஸ் 10 உள்ள கணினி வைத்திருப்போரும் கவனிக்க: 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதற்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. கணினி இயங்கும், ஆயினும் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வாரா. விண்டோஸ் 11க்கு அது தகுதியுடையதா என்பதை 'விண்டோஸ் அப்டேட்' பகுதியே சொல்லும்.

இனிக் கணினி கொண்டு வந்திருப்போர் அவற்றைத் திறக்கலாம். மின்னிணைப்பு பின்வரிசையில் உள்ளது. காதுக்கருவிகளை முதலில் அணைத்துவிடுங்கள். ஒலி யாருடையது என்று பிறகு தேட நேரிடும். நேர்காணல் இந்த வாரத்திலேயே உள்ளவர்கள் முன்வரிசைக்கு வருக. அவர்களின் ஒலிவாங்கியை முதலில் பார்ப்போம்.