மக்ரிபுக்குப் பிறகு வந்து பாருங்கள்

(நமது அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் வரவு செலவு வாசிப்பேன். இன்று அந்தக் கணக்கை பொருளாளர் வாசித்துவிட்டார். நான் சொல்ல வந்தது வேறொரு கணக்கு. அதில் என் பெயரில் ஒரு கடன் நிற்கிறது. அதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளாமல், புதிய நிதிக்காக உங்களிடம் கையேந்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் மஹல்லாவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் அவருடைய ஒரு கண்ணிமை சரிந்து வர ஆரம்பித்தது. பிறகு சாயங்காலமானால் ஊசி இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்றினார். கண்ணேறு என்றார்கள், ஓதிப் பார்த்தார்கள். தூக்கம் போதவில்லை என்றார்கள். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் நோயின் பெயரைச் சொன்னார்: மயஸ்தீனியா கிரேவிஸ்.

இது என்ன நோய்? கையை அசை என்று மூளை சொல்கிறது. அந்தக் கட்டளை நரம்பு வழியாகத் தசைக்குப் போய்ச் சேர வேண்டும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், நம்முடைய உடம்பின் எதிர்ப்பு சக்தியே வழிதவறி, கட்டளையை வாங்கிக்கொள்ளும் வாசலை அடைத்துவிடுகிறது. அதனால் தசை சீக்கிரம் களைத்துப் போகிறது. ஓய்வெடுத்தால் பலம் கொஞ்சம் திரும்பி வரும். காலையில் நன்றாக இருப்பார், அந்தி சாய்ந்தால் தளர்ந்துவிடுவார். கண், முகம், விழுங்கும் தசை, கழுத்து, கை கால் எல்லாமே பாதிக்கப்படலாம். மூச்சுத் தசையும் தளர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரும்.

தொற்றக்கூடிய நோய் அல்ல இது. 1934இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர் இதற்குப் பலன் தரும் ஒரு மருந்தைக் கண்டறிந்தார். இன்று மாத்திரையும் தொடர் கவனிப்பும் இருந்தால் பெரும்பாலானோர் வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து வாழ முடிகிறது. ஆனால் "தொடர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் தவறியது அந்த இடத்தில்தான்.

முதல் தடவை அவருக்குக் காய்ச்சல் வந்து, தண்ணீர் கூட விழுங்க முடியாமல் தீவிர சிகிச்சையில் சேர்த்தார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து ஏற்றச் சொன்னார்கள். பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 120 கிராம். 5 கிராம் குப்பியாக வாங்கினால் 24 குப்பிகள். ஒரு தையல்காரர் எத்தனை சட்டை தைத்து அதை வாங்குவார்? ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவை ஒன்றுசேர்த்துத்தான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அந்த ஆயிரம் பேரும் யார் என்று அவருக்கும் தெரியாது, யாருக்குப் போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது.

அந்த ஜும்ஆவில் நாம் அறிவித்தோம். அல்ஹம்துலில்லாஹ், அள்ளிக் கொடுத்தீர்கள். மதரஸாப் பிள்ளைகள் உண்டியலை உடைத்தார்கள். பெண்கள் வளையல் கழற்றித் தந்தார்கள். அவர் பிழைத்து வந்தார். நாமும் கடமை முடிந்தது என்று கோப்பைக் கட்டி வைத்தோம்.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து இரண்டாம் தடவை அவருடைய மனைவி மனுக் கொண்டு வந்தார். இந்தத் தடவை ஊர் வேறு மாதிரி பேசியது. "போன வருஷம்தானே கொடுத்தோம்?" "இன்று சுப்ஹு தொழுகைக்கு நடந்துதானே வந்தார்?" "ஆளைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கிறது?" என்றார்கள். நானும் அவரை சுப்ஹில் பார்த்திருந்தேன். மனுவின் மேல் "அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கவும்" என்று எழுதி வைத்தேன். என் கையெழுத்துதான் அது.

நாலாம் நாள் அவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. அதில் ஒரு வரிதான்: "செயலாளர் பாய், மக்ரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பாருங்கள்."

போனேன். காலையில் ஸஃபில் நின்ற அதே மனிதர், தலை நிற்காமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு மூக்கால் வந்தது, பாதி புரியவில்லை. மகள் அவருக்குக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, நிறுத்தி நிறுத்தி ஊட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தின் மூலையில் தையல் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. நாலு நாளில் அதை விற்றுத்தான் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "நல்லா இருக்கும்போது பள்ளிக்கு வராமல் இருக்க மனசு வரல்ல பாய். இனிமேல் வீட்டிலேயே தொழுதுக்கவா?" என்று கேட்டார்.

சகோதரர்களே, நம் சந்தேகம் ஒரு மனிதரைப் பள்ளிவாசலுக்கு வரவே தயங்க வைத்துவிட்டது. அன்றிரவே நிர்வாகிகள் கூடிப் பணம் கட்டினோம், சிகிச்சை நடந்தது. அவர் நலமாக இருக்கிறார். ஆனால் அந்த மெஷின் திரும்பவில்லை. இப்போது காலை நேரத்தில் மட்டும் காஜாவும் பட்டனும் போட்டுக் கொடுக்கிறார். நான் சொன்ன கடன் இதுதான்.

ஆகவே நிர்வாகக் குழு நான்கு முடிவுகளை எடுத்திருக்கிறது.

முதலாவது, தொடர் சிகிச்சை நிதி என்று தனிக் கணக்கு. வெள்ளம் வந்தால் ஒருநாள் வசூல் போதும். பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம், மயஸ்தீனியா போன்றவை மாதாமாதம் செலவு வைக்கும் நோய்கள். அதற்கு மாதாமாதம் வரும் சிறு தொகைதான் பொருத்தம்.

இரண்டாவது, மருத்துவரின் சீட்டை வைத்து முடிவெடுப்போம். ஆளின் தோற்றத்தை வைத்து அல்ல. இரண்டு பேர், இரண்டு நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். அவசரம் என்றால் அன்றே.

மூன்றாவது, பெயர் அறிவிக்க மாட்டோம், படம் போட மாட்டோம். முடிந்தவரை மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் நேரடியாகக் கட்டி ரசீதைக் கோப்பில் வைப்போம். மொத்த வரவு செலவு மட்டும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும். ஜகாத் பணம் தனியாக நிற்கும். ஜகாத் பெறத் தகுதி உள்ளவருக்கு, அவருடைய ஒப்புதல் பெற்று, அவர் சார்பிலேயே கட்டுவோம். இதில் இமாம் ஹஜ்ரத்தின் ஆலோசனைப்படி நடப்போம். மற்றவர்களுக்கு சதக்காவிலிருந்து உதவி.

நான்காவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நோய் வந்தபின் ஓடாதீர்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள். நம் இளைஞர்கள் மனு எழுதித் தருவார்கள்.

குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். இமை சரிவது, இரட்டையாகத் தெரிவது, சாப்பிடும்போது தாடை களைப்பது, மாலையில் குரல் மாறுவது இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நோய் உள்ளவர் காய்ச்சல், சளி என்று எந்த மருத்துவரிடம் போனாலும், முதலில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இதை மோசமாக்கும். நோயின் பெயர் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த மாத்திரையின் பலன் சில மணி நேரம்தான். ரமலானில் தாமாக நிறுத்திவிட்டு நோன்பு வைப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, வாசலில் ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறோம். மாதம் எவ்வளவு முடியுமோ எழுதுங்கள். பெரிய தொகையை ஒருமுறை எழுதிவிட்டு நிறுத்துவதைவிட, சிறிய தொகையை நிறுத்தாமல் தருவதே இந்த நிதிக்கு உதவும். இதிலிருந்து முதலில் செய்யவிருப்பது ஒரு தையல் மெஷின் வாங்குவது. அதில் பாதி என் பொறுப்பு. அது நன்கொடை அல்ல, என் கடன்.

நாளை சுப்ஹில் அந்தச் சகோதரர் உங்கள் பக்கத்தில் நிற்கக்கூடும். நலம் விசாரியுங்கள். "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! நாம் கொடுப்பதை ஏற்றுக்கொண்டு, நம் தாமதங்களை மன்னிப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.